வடவானத்துச் செவ்வொளி

பூகோளப் படம் ஒன்றை விரித்துத் தர்மபுரியின் மேல் விரலை வையுங்கள். அந்த விரலை இடமும் வலமும் அசைக்காமல் நேர் வடக்காக நகர்த்திக்கொண்டே போங்கள். ஹைதராபாத்தையும் நாகபுரியையும் சற்று வலப்புறம் விட்டுவிட்டு ஆக்ராவைத் தொடுவீர்கள். அங்கிருந்து டேராடூன் வழியாக இமயமலையில் ஏறுவீர்கள். மலைக்கு அப்பால், திபெத்தின் எல்லையோரத்தில், லடாக்கைச் சேர்ந்த ஹான்லே என்ற சிறு கிராமத்தின் பக்கத்தில் விரல் போய் நிற்கும். தர்மபுரி இருப்பது 78 பாகைக்குச் சற்று அதிகமான தீர்க்கரேகையில். ஹான்லே இருப்பது 79 பாகைக்குச் சற்றுக் குறைவான தீர்க்கரேகையில். நடுவே சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம். அதியமான் ஆண்ட தகடூருக்கும் பனிப் பாலைவனத்துக் குக்கிராமம் ஒன்றுக்கும் இப்படி ஒரு நேர்கோட்டு உறவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

2024 மே 10ஆம் தேதி இரவுதான் இந்த உறவை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது. அதற்கு இரண்டொரு நாள் முன்னால் சூரியனில் ஏற்பட்ட பெரிய கொந்தளிப்புகளிலிருந்து கிளம்பிய மின்துகள் மேகங்கள், இந்திய நேரப்படி இரவு பத்தரை மணி வாக்கில் பூமியை வந்து மோதின. ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது. அங்கே வானம் முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்கும் காமிரா ஒன்று உண்டு. அந்த இரவில் நடுநிசிக்குப் பிறகு அந்தக் காமிரா வட அடிவானத்தின் மேல் சிவப்பாக ஒரு பட்டையைப் பிடித்தது. 2023 ஏப்ரலிலும் இதே போன்ற ஒரு செவ்வொளி அங்கே பதிவாகியிருந்தது. துருவப் பிரதேசங்களில் இரவு வானத்தில் திரை திரையாக அசையும் ‘அரோரா’ என்கிற துருவ ஒளியின் தூரத்து உறவு இது. இந்தியாவில் துருவ ஒளி என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் கலக்கும்போது, மிக உயரத்தில் உள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் கிளர்ச்சி அடைந்து ஒளி விடுகின்றன. அந்தச் சிவப்பு ஒளியை விடுவதற்கு ஓர் அணுவுக்கு ஏறக்குறைய 2 நிமிஷம் பிடிக்கும். கீழே காற்று அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அத்தனை நேரம் அதை யாரும் சும்மா விட்டு வைப்பதில்லை. பக்கத்து அணு வந்து இடித்து அதன் சக்தியைப் பறித்துக்கொண்டு போய்விடும். சுமார் 200 கிலோமீட்டருக்கு மேலே, கூட்டம் இல்லாத இடத்தில்தான் அது நிதானமாகத் தன் சிவப்பை வெளியிட முடியும். நெரிசலில் பேச்சு எடுபடாத சில நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் போன்றதுதான் இந்த ஒளியும்.

ஹான்லேயில் பதிவானது அசலான துருவ ஒளி அல்ல, அதன் கிளை வகையான ‘நிலையான செவ்வளைவு’ என்று விஞ்ஞானிகள் பிரித்துச் சொல்கிறார்கள். துருவ ஒளி துடிக்கும், நெளியும். செவ்வளைவு அசையாமல், மங்கலாக நிற்கும். வெறுங் கண்ணுக்கு அது தட்டுப்படுவதே கஷ்டம். இருட்டில் நமக்கு உதவுகிற கண் நரம்புகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகப் புலப்படுவதில்லை. காமிராவின் பொறுமைதான் அதை நமக்குக் காட்டிக் கொடுத்தது.

உலகத்திலேயே துருவ ஒளிக்கு மிகவும் தூரமாக இருப்பவர்கள் யார் என்று கேட்டால், தமிழர்களாகிய நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். பூமிக்குப் பூமத்திய ரேகை இருப்பது போலவே காந்தத்துக்கும் ஒரு நடுரேகை உண்டு. அது தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகத்தான் போகிறது. அந்த ரேகைக்கு அருகே குடியிருந்துகொண்டு துருவ ஒளிக்கு ஆசைப்படுவது, ராமேசுவரத்தில் உட்கார்ந்துகொண்டு பனி பெய்யுமா என்று பார்ப்பதற்குச் சமானம்.

ஆனாலும் அப்படிப் பார்த்த ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். பென்னாகரம் ரோட்டில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு அறை கட்டி, கூரையைத் தள்ளித் திறக்கும்படி சக்கரம் வைத்திருக்கிறார். உள்ளே ஒரு டெலஸ்கோப்பும், ஒரு நாற்காலியும், கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் ஓர் அடுக்கும் உண்டு. அதுதான் அவருடைய வான ஆராய்ச்சி நிலையம். மே 11ஆம் தேதி, சனிக்கிழமை, பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு அவர் மாடி ஏறினார். அமாவாசை கழிந்து மூன்றே நாள் ஆகியிருந்தபடியால் நிலா சீக்கிரமே மறைந்துவிட்டது. இரவு வெகு நேரம் வடக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மறு நாள் அவர் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நேரம், மேகத்தின் அளவு, கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரம் எது என்ற விவரம், எல்லாம் எழுதிக் கடைசியில், “வடக்கு அடிவானம்: சிவப்பு ஒன்றும் தெரியவில்லை. நகர வெளிச்சம் உண்டு” என்று முடித்திருந்தார்.

“தெரியாது என்று உமக்குத் தெரியாதா, வாத்தியாரே?” என்று கேட்டேன்.

“தெரியும், அண்ணே. ஆனா தெரியாதுன்னு சொல்றது வேற, பார்த்துட்டுத் தெரியலைன்னு எழுதறது வேற இல்லீங்களா?” என்றார்.

அன்று மாலை முழுவதும் அந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லைதான். செவ்வொளி 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூமி உருண்டையாக இருப்பதால், அந்த உயரத்தில் உள்ள ஒன்று நம் அடிவானத்தில் சற்றே தலைகாட்ட வேண்டுமானாலும் அது 2,250 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து அது ஹான்லேக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே முடிந்துவிடுகிறது. ஹான்லேக்காரர்களோ அதைத் தங்கள் வடக்கு அடிவானத்தில், இன்னும் வெகு தொலைவில் பார்த்தார்கள். ஆகவே நமக்கு அது பூமியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. துருவ நட்சத்திரமே நமக்கு 12 பாகை உயரத்தில்தான் தெரிகிறது. ஹான்லேயில் அது 33 பாகை உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்தே தூரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கண்டதைக் கண்டபடி, நாளும் நேரமும் திசையும் போட்டு எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதா? புதிது அல்ல. புறநானூற்றில் கூடலூர் கிழார் என்ற புலவருடைய பாட்டு ஒன்று இருக்கிறது. 229ஆம் பாட்டு. பங்குனி மாதத்து நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைக் கண்டு, சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று புலவர் அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் இறந்துவிடுகிறான். நம் தகடூர் அதியமானையும் ஔவையாரையும் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்த அதே நூல்தான் இதையும் காப்பாற்றியிருக்கிறது. அரசன் இறந்ததற்கும் நட்சத்திரம் விழுந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாகப் புலவர் நம்பினார். இன்று நாம் நம்பவில்லை. ஆனால் மாதம் எது, இரவு எந்தப் பொழுது, அப்போது எந்தெந்த நட்சத்திரங்கள் எங்கே நின்றன என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த ஜாக்கிரதையைத்தான் நான் மெச்சுகிறேன். நம்பிக்கை பொய்யாகிவிட்ட பிறகும் குறிப்பு நிற்கிறது.

வடமொழியில் வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருஹத் சம்ஹிதையிலும் ‘திக்தாகம்’ என்று ஓர் அத்தியாயமே உண்டு. திசைகள் தீப்பிடித்தது போலச் சிவந்து காண்பதற்கு அந்தப் பெயர். எந்தத் திசை சிவந்தால் யாருக்குக் கேடு என்று பலன் சொல்கிறது அது. இவற்றில் எது அந்தியின் சிவப்பு, எது காட்டுத்தீ, எது செம்புழுதி, எது துருவ ஒளி என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பலனை விரிவாக எழுதி, நாளை எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

நாளும் நிமிஷமும் எழுதி வைத்ததால் என்ன லாபம் என்பதற்கு 1859ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் இருந்தார். பீர் வடிக்கும் தொழிற்சாலைக்காரரின் பிள்ளை. சொந்தச் செலவில் வீட்டையும் அதோடு சேர்ந்தாற்போல் வான ஆராய்ச்சிக் கூடத்தையும் கட்டிக்கொண்டு, வெயில் அடிக்கும் நாளெல்லாம் சூரியனின் பிம்பத்தை ஒரு பலகையில் விழும்படி செய்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருப்பது அவர் வழக்கம். செப்டம்பர் 1ஆம் தேதி காலை 11 மணி 18 நிமிஷத்துக்கு, ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தின் நடுவே கண்ணைப் பறிக்கும் இரண்டு வெள்ளொளித் துண்டுகள் தோன்றின. திரையில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகித்தார். இல்லை என்று தெரிந்ததும், சாட்சிக்கு ஒருவரை அழைத்து வர ஓடினார். ஒரு நிமிஷத்துக்குள் திரும்பி வந்து பார்த்தால் ஒளி மங்கத் தொடங்கிவிட்டது. சுமார் 5 நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அதிர்ஷ்டவசமாக, ஹைகேட்டில் தம் வீட்டிலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்ஸன் என்ற இன்னொருவரும் அதைக் கண்டு எழுதி வைத்திருந்தார். சரித்திரத்தில் முதன்முதலாகச் சூரியச் சுடர் ஒன்றைப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பேருந்தான். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்ல. இரண்டும் வீட்டு ஆராய்ச்சிக் கூடங்கள்.

மறுநாள் உலகம் முழுவதும் காந்த ஊசிகள் பித்துப் பிடித்தாற்போல் ஆடின. வெப்ப நாடுகளில்கூட இரவு வானம் சிவந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே இருந்த தந்திக்காரர்கள் பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பூமியிலிருந்து தானாகக் கிளம்பிய மின்சாரத்திலேயே செய்தி பரிமாறிக்கொண்டார்கள். தாம் கண்ட சுடருக்கும் இந்தக் கலகத்துக்கும் தொடர்பு உண்டு என்று காரிங்டன் அடித்துப் பேசவில்லை. ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது என்ற நிதானம் அவருக்கு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார். அவ்வளவுதான்.

அதே நாளில் நம் நாட்டிலும் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. பம்பாயில் கொலாபா என்னும் நிலமுனையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1826இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டியிருந்தது. 1841 முதல் அங்கே காந்த அளவுகளை எடுத்து வந்தார்கள். தொங்கவிட்ட காந்தம் ஒன்று, அதோடு சேர்ந்த கண்ணாடி, எதிரே ஒரு சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடி, அதன் வழியாகத் தெரியும் அளவுகோல். ஓர் ஆள் கண்ணை வைத்து, அளவுகோலில் எந்தக் கோடு தெரிகிறது என்று பார்த்து, பேரேட்டில் எழுத வேண்டும். மணிக்கு ஒரு தடவை, பகலும் இரவும், மழையும் வெயிலும். ஊசி அசாதாரணமாக ஆடத் தொடங்கினால் நிமிஷக் கணக்கில் அடிக்கடி எழுத வேண்டும். இதைவிடச் சலிப்பான உத்தியோகம் ஒன்றை நான் கற்பனை செய்ய முடியாது. நான் எழுதிய கதைகளில் எந்தக் குமாஸ்தாவுக்கும் இப்படி ஒரு வேலையைக் கொடுத்ததில்லை.

1859 செப்டம்பர் 2ஆம் தேதி முற்பகல், அந்த அளவுகோலில் எண்கள் சரசரவென்று இறங்கத் தொடங்கின. பூமியின் காந்தவிசை சுமார் 1,600 நானோடெஸ்லா அளவுக்குக் குறைந்தது. அந்த இடத்தின் கிடைவிசையில் ஏறக்குறைய 4 சதவீதம். 2024 மே மாதப் புயலில் பூமியின் நடுப்பகுதியில் ஏற்பட்ட வீழ்ச்சி 400க்குச் சற்று மேலே என்று சொன்னால், வித்தியாசம் புரியும். பம்பாயில் அப்போது பட்டப்பகல். வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் வியாபாரம் நடந்திருக்கும். துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகள் ஏறியிருக்கும். மனித சரித்திரத்தில் அளந்து பதிவு செய்யப்பட்ட மிகப் பெரிய காந்தப் புயல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அதை அறிந்தது அந்த அறைக்குள் இருந்த ஊசியும், அதை எழுதிக்கொண்டிருந்த ஆளுந்தான். அவருக்கும் அது என்னவென்று தெரியாது. தெரியாமலேதான் எழுதிக்கொண்டே போனார்.

இங்கிலாந்தில் கியூ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டோக் காகிதத்தில் தானே பதிவாகும் புதிய இயந்திரம் வைத்திருந்தார்கள். புயலின் உச்சத்தில் ஒளிக்கோடு காகிதத்தை விட்டே வெளியே ஓடிவிட்டது. பம்பாயில் மனிதக் கண் விடாமல் தொடர்ந்தது. அந்தப் பேரேடு அதன் பிறகு வெகு காலம் அலமாரியில் உறங்கியது. 2003ஆம் ஆண்டில் புரூஸ் சுருதானி என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தைச் சேர்ந்த லகினா முதலியவர்களோடு சேர்ந்து அதை எடுத்து ஆராய்ந்தார். பூமியின் நடுப்பகுதியிலிருந்து அந்தப் புயலின் ஆரம்பத்தையும் உச்சத்தையும் தணிவையும் அளந்து சொல்லும் சாட்சியாகக் கொலாபாவின் எண்களே கிடைத்தன. எழுதியவர் எதற்கென்று அறியாமல் எழுதியது 144 வருஷம் கழித்துப் பயன்பட்டது.

இது வெறும் பண்டிதர் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1989 மார்ச் 13ஆம் தேதி, இதைவிட எத்தனையோ சிறிய ஒரு காந்தப் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் சுமார் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது. 1859ஐப் போன்ற புயல் இன்றைக்கு அடித்தால் மின்சாரக் கம்பிகளும் செயற்கைக் கிரகங்களும் என்ன பாடுபடும் என்று கணக்கிட உட்காருகிறவர்கள் கொலாபாவின் பேரேட்டைத்தான் பிரிக்கிறார்கள். நம் ஊர்ப் பம்புசெட்டும், ஆஸ்பத்திரி விளக்கும், ரயில் சிக்னலும் அந்தக் கணக்குக்குள் அடக்கம்.

அந்த எண்களை எழுதிய கை யாருடையது? நிலையத்தின் தலைவர் பெர்குஸன் என்ற கடற்படை அதிகாரி என்று தெரிகிறது. ஆனால் பகலும் இரவும் முறை வைத்து அளவெடுத்த உதவியாளர்களின் பெயர்களைச் சரித்திரம் நம் முன் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அவர்களுக்கு முந்திய தலைமுறையில் ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். கேரோ லட்சுமண் சத்ரே என்ற மராத்தி இளைஞர், 1840களில், பதினாறு பதினேழு வயதில் கொலாபாவில் உதவியாளராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் பூனாவில் கணிதப் பேராசிரியராகி, பால கங்காதர திலகருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். திலகருக்கு ஆசிரியராக அமைந்ததால் அவர் பெயர் நின்றது. மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கண்ணால் கண்ட சாட்சியும் நம் நாட்டில் உண்டு. 1872 பிப்ரவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, பம்பாய் வானத்தில் துருவ ஒளி தெரிந்ததாக அந்த ஊர்ப் பத்திரிகையான ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ இரண்டு நாள் கழித்துச் செய்தி போட்டது. சூரியன் மறைந்த பிறகு மங்கலாகத் தோன்றி, நிறம் மாறிக்கொண்டே இருந்து, அதிகாலை 3 மணி அளவில் அடர்ந்த ஊதாவாகி, விடியும்வரை நின்றது என்று அதில் கண்டிருந்தது. செங்கடல் வழியாகப் போகும் கடலடித் தந்தியிலும் பாரசீக வளைகுடாத் தந்தியிலும் செய்திகள் குழம்பின. அதே இரவில் ஷாங்காயில் தலைக்கு நேர் மேலேயே ஒளி தெரிந்தது என்று, பழைய குறிப்புகளைத் தேடித் தொகுத்த ஹயகாவா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள். பம்பாய் 19 பாகை அட்சரேகையில் இருக்கிறது. நம் தர்மபுரியிலிருந்து 7 பாகைதான் வடக்கு. 150 வருஷத்துக்கு முன்னால் துருவ ஒளி நம் வீட்டு வாசலுக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. வாத்தியார் வடக்கே பார்த்தது அப்படி ஒன்றும் அசட்டுத்தனம் அல்ல.

வீட்டு மாடியில் தொடங்கிய காரியம் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் சென்னையே அத்தாட்சி. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் வீட்டில் சில கருவிகளை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். சில வருஷத்தில் அவற்றைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுந்தது. அதுதான் சென்னை வான ஆராய்ச்சி நிலையம். அங்கே நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து வரும் சந்ததிக்குத் தெரியவேண்டும் என்று, தங்களுடைய தாராள மனசு ஆசியாவில் கணித சாஸ்திரத்தை நட்ட கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் வேறு பாஷைகளிலும் அதில் செதுக்கி வைத்தார்கள். ஆரியபட்டர் பிறந்த தேசத்தில் அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்! ஆனால் அந்த நிலையத்தில் 1867இல் மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி என்ற நம்மவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி நாட்டு மொழிகளில் சிறு புத்தகம் போட்டவரும் அவர்தான். அவருக்குக் கல்தூண் இல்லை.

விசாகப்பட்டினத்தில் ஜக்காராவ் என்ற ஜமீன்தார் 1840இல் தம் வீட்டிலேயே ஆராய்ச்சிக் கூடம் வைத்தார். ஹைதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் 1901இல் தமது மாளிகையில் ஒன்றை அமைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது நிஜாம் சர்க்காரின் நிஜாமியா ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. அங்கே வேலை பார்த்தவரின் மகன்தான் வைணு பாப்பு. சென்னை நிலையத்தின் வேலை 1899இல் கொடைக்கானல் மலைக்கு மாறியது. அந்தக் கொடைக்கானலுக்கு 1960இல் தலைவராக வந்த பாப்பு, இருட்டும் தெளிவும் உள்ள ஒரு மலையைத் தேடி அலைந்து, ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 1968இல் அங்கே முதல் டெலஸ்கோப் வேலை தொடங்கியது. தர்மபுரியிலிருந்து பார்த்தால் வடகிழக்கே, பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்.

கொடைக்கானல் நிலையம் 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனமாக உருவெடுத்தது. அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஹான்லேயில் 2 மீட்டர் டெலஸ்கோப்பை நிறுத்தியது. பனிமலை உச்சியில் இருக்கும் அதை, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக் கிரகம் வழியாக இயக்குகிறார்கள். 2023 செப்டம்பர் 2ஆம் தேதி, காரிங்டன் புயல் பம்பாயைத் தாக்கிய அதே தேதியில், சூரியனை ஆராய நம் நாடு ஆதித்யா எல்-1 என்ற விண்கலத்தை அனுப்பியது. அதன் முக்கியமான கருவியைச் செய்து கொடுத்ததும் இதே நிறுவனந்தான். ஆக, 2024 மே மாதத்தில் ஹான்லேயில் அந்த மங்கலான சிவப்பைப் படம் பிடித்த காமிராவின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால், அது எழும்பூரில் ஒரு வீட்டில் போய் முடிகிறது.

ஹான்லேயில் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். 2022இல் அந்தப் பிரதேசத்தை இருள் காக்கும் பகுதியாக அறிவித்து, கிராமத்து ஜனங்களுக்கே டெலஸ்கோப்புகள் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டப் பழக்கியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண்கள் வெளியூர்க்காரர்களுக்கு நட்சத்திர மண்டலங்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விளக்குகளைத் தாழ்த்தி, மேலே ஒளி சிதறாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பைபாஸ் ரோட்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஜனங்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் வாத்தியாருடைய பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரம் வருஷத்துக்கு வருஷம் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது. அதாவது, மங்கலானவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வருகின்றன. ஒரு ஊர் தன் இருட்டை இழந்த கதை அந்தப் புத்தகங்களில் தேதிவாரியாக இருக்கிறது. நகரசபையிலோ வேறு எந்த ஆபீஸிலோ அந்தக் கணக்கு கிடையாது.

பளிச்சென்று தெரிகிற சம்பவங்களுக்குச் சரித்திரத்தில் ஆட்பஞ்சம் இல்லை. யுத்தத்துக்கும் முடிசூட்டுக்கும் எழுத ஆயிரம் பேர் முன்வருவார்கள். மங்கலானவற்றுக்குத்தான் ஆள் வேண்டும். அதுவும் பலன் கேட்காத ஆள். வெளிச்சம் தெரிந்தால் தெரிந்தது என்றும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும், மணி போட்டு எழுதும் ஆள். கொலாபாவில் அன்று முற்பகல், எண்கள் ஏன் இப்படி இறங்குகின்றன என்று திகைத்து, கருவிதான் கெட்டுவிட்டது என்று பேரேட்டை மூடி வைத்துவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் மூடவில்லை. அடுத்த எண்ணை எழுதினார். அதற்கடுத்ததையும் எழுதினார். அவர் பெயர் என்னவாக இருந்தாலும், நமக்கு ஒரு பெரிய சொத்தை விட்டுவிட்டுப் போனவர் அவர்.